இன்று தண்ணீர்

மண்வெட்டி எங்கே கிடக்கிறது என்று கேட்டுக்கொண்டு வீரகத்தி குசினி வாசலில் வந்து நின்றான். பந்தலுக்குக் கால் நட வேண்டுமாம். அடுப்படியில் குந்தியிருந்த கமலாசனி எழும்பாமலே வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தைக் கையால் காட்டினாள். அவன் அதைத் தோளில் வைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போன பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. இன்றைக்கு மடை திறப்பதற்கென்று நேற்றுப் பின்னேரம் தானே கழுவி, பிடியைத் தட்டி இறுக்கிச் சாத்தி வைத்த மண்வெட்டி அது. கூப்பிட்டு வாங்கலாம். வாங்கி என்ன செய்வது?

உள் அறையில் கட்டிலின் மேல் அவளுடைய புருஷன் மயில்வாகனம் கிடந்தார். விடியக் கஞ்சி கொண்டுபோய் எழுப்பியபோது எழும்பவில்லை, அவ்வளவுதான். தை பிறந்ததிலிருந்து நெஞ்சுச் சளியோடு படுக்கையில் கிடந்து இருமி இருமி வீட்டையே உலுக்கிய மனிதர், போகும்போது ஒரு சத்தமும் இல்லாமல் போய்விட்டார். கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டி, தலைமாட்டில் குத்துவிளக்கை ஏற்றி வைத்திருந்தார்கள். அவருடைய தமையன் மகன் வீரகத்தி சேதி கேட்ட கையோடு நெடுங்கேணியிலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்துவிட்டான். யாழ்ப்பாணப் பக்கத்துச் சொந்தங்களுக்குத் தந்தி அடித்து, அவர்கள் பஸ் பிடித்து இந்தக் காட்டுக்கு வந்து சேருவதற்குள் உடம்பு தாங்காது. ஆடி மாதத்து வெயில் அப்படி. பின்னேரமே எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. பிள்ளை இல்லாத மனிதருக்கு வீரகத்திதான் கொள்ளி.

பக்கத்து வளவு நேசமலர் வந்து கமலாசனியைக் கையில் பிடித்து எழுப்பி, கட்டிலடியில் கொண்டுபோய் இருத்தினாள். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். கமலாசனிக்குக் கண்ணீர் வரவில்லை. ஆள் திகைத்துப்போய் இருக்கிறாள் என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். அழவிடு, அழாவிட்டால் நெஞ்சு அடைத்துப்போகும் என்று ஒருத்தி சொன்னாள். அவள் திகைக்கவும் இல்லை, நெஞ்சு அடைக்கவும் இல்லை. அவளுக்கு அலுப்பாக இருந்தது. எத்தனையோ நாள் கண்மூடாத அலுப்பு, எலும்புக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அந்த அலுப்புக்குள்ளும் ஒரே ஒரு நினைப்பு மட்டும் விழித்துக்கொண்டு இருந்தது. இன்றைக்குத் தண்ணீர் முறை எங்களுடையது.

புருஷனைப் பிணமாகப் போட்டுவிட்டுத் தண்ணீரை நினைக்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் நினைக்காமல் எப்படி இருப்பது? சிறுபோகம். குளத்தில் தண்ணீர் வற்றி, திறந்துவிடுகிற துருசு வாய்க்கு வந்துவிட்டது. ஒரு வாய்க்காலுக்கு ஒரு நாளைக்கு ஒருவர் என்று முறை வைத்துத்தான் விடுகிறார்கள். பயிர் குடலைப் பருவத்தில் நிற்கிறது. வயிற்றில் கதிரை வைத்துக்கொண்டு தண்ணீருக்கு வாய் பார்த்தபடி நிற்கிறது. இந்த முறை தப்பினால் அடுத்த முறை சுற்றி வருவதற்குள் கதிர் பதராய் வெளியே வந்துவிடும். அவர் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து உழுவிக்க ஆள் பிடித்தது, விதைத்தது, களை பிடுங்கியது, பன்றிக்குக் காவல் இருந்தது எல்லாம் அவள்தான். அடுத்த மாரிவரை அவளுக்குச் சோறு என்று இருப்பது அந்தப் பச்சை ஒன்றுதான். அதைச் சொல்லி அழ ஒரு செத்தவீட்டில் இடம் இல்லை.

பந்தலில் இருந்த ஆண்கள் பலகையைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மயில்வாகனத்தைப் பற்றிக் கதைப்பதென்றால் அந்தக் கொலனியில் பலகையை விட்டுவிட்டுக் கதைக்க முடியாது.

ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேற்றின கொலனி அது. முன்பெல்லாம் தண்ணீர் முறையை வாயால்தான் மாற்றிக்கொள்வார்கள். எனக்கு நாளைக்கு நெடுங்கேணிச் சந்தை, என் முறையை நீ எடு, உன் முறையை நான் எடுக்கிறேன் என்பார்கள். மறுநாள் நான் சொன்னேன், நீ சொல்லவில்லை என்று வாய்க்கால் வரம்பில் சண்டை பிடிப்பார்கள். ஒரு சிறுபோகத்தில் அது மண்வெட்டிப் பிடிவரைக்கும் போய் ஒருவருடைய மண்டை உடைந்தது. அதன் பிறகுதான் பயிர்ச்செய்கைக் கமிட்டி மயில்வாகனத்திடம் முறையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது. எழுதித் தொங்கவிட்டால் ஒருவரும் புளுக ஏலாது என்று சொல்லிவிட்டு அவர் பலகை அரியத் தொடங்கினார்.

தச்சு வேலை அவருக்குத் தெரியாது. தெரியாத வேலையென்றால் இன்னும் பிடிவாதமாகச் செய்கிற சாதி அவர். வாய்க்கால் மதகடியில் பாலை மரத்தில் ஒரு கால். அதன் தலையில் குறுக்கே ஒரு பலகை, அதில் அழியாமல் ‘இன்று தண்ணீர்’ என்று எழுத்து. அதற்கு அடியில், மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் காடிப்பள்ளம் வெட்டின ஒரு சட்டம். வாய்க்காலில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர் எழுதிய ஒரு பலகைத் துண்டு. முறைக்கு உரியவர் முதல் நாள் பொழுதுபட வந்து தன் துண்டைப் பக்கவாட்டிலிருந்து காடிக்குள் தள்ளிவிட வேண்டும். சங்கக்கடைக் கதவுக்கு அடித்து மிஞ்சின பச்சைப் பெயின்ற், அதன் மேல் வெள்ளை எழுத்து. அவர் அரியும்போது பலகையைக் காலால் மிதித்துப் பிடித்தவள் கமலாசனி. அரிதூள் பறந்து உலையில் விழுந்தது. முதல் வெட்டின காடி தொளதொளவென்று இருந்ததால், சோளகக் காற்று வீசின முதல் நாளே ஒருவருடைய பெயர் கழன்று வாய்க்காலில் விழுந்து கடைவயல் வரைக்கும் மிதந்து போயிற்று. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த வீம்பில் அவர் வேறு சட்டம் செய்து காடியை இறுக்கமாக வெட்டினார். அது எவ்வளவு இறுக்கம் என்றால், துண்டின் கீழ் விளிம்பை ஒரு கையால் கொஞ்சம் தூக்கி, மறு கையின் அடியால் குத்தித் தள்ளினால்தான் போகும். தன் பெயரை எழுதும்போதும் அவருக்கு அளவு பிடிபடவில்லை. ‘மயில்’ பெரிதாக விரிந்து நின்றது; ‘வாகனம்’ பலகை முடிகிற இடத்தில் நெருக்குப்பட்டுக் கிடந்தது. திருப்பி எழுதுங்கோ என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பெயின்ற் இல்லை என்றார்.

பலகையைவிடப் பெரிது அவர் வைத்த சட்டம். பெயருக்கு உரியவன் கைதான் அந்தப் பெயரைத் தொட வேண்டும். போடுவதும் அவன் கை, எடுப்பதும் அவன் கை. மாற்றுவதென்றால் இரண்டு பேரும் நேரில் வந்து தங்கள் தங்கள் துண்டைத் தாங்களே தள்ள வேண்டும். தம்பியை அனுப்பினேன், மச்சானை அனுப்பினேன் என்கிற கதை இல்லை. பலகையில் பெயர் இல்லாத வீட்டார் எந்த மடையிலும் கை வைக்கக் கூடாது. கேட்கக் கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் அன்றையிலிருந்து அந்த வாய்க்காலில் மண்டை உடையவில்லை. போகப்போக மற்றவனுடைய பெயர்ப்பலகையைத் தொடுவது, மற்றவனுடைய வரம்பை வெட்டுவதற்குச் சமம் என்று ஆகிவிட்டது.

சட்டம் ஒரே ஒரு தடவைதான் ஒருவருடைய வயிற்றில் அடித்தது. அடுத்த வயல்காரன் யஹ்யாவின் பெண்சாதி ஜொஹறா பிள்ளைப்பேற்றுக்கு முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் கிடந்து துடித்தபோது அவனுக்குத் தண்ணீர் முறை வந்தது. தம்பி ஹமீட்டை அனுப்பினான். மயில்வாகனம் பலகையடியில் நின்று, பெயர் ஹமீட் இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் போகம் யஹ்யாவின் வயலில் அரைவாசி பதர். யஹ்யா ஒரு சொல் கேட்கவில்லை. பிள்ளை பிறந்ததற்குச் சர்க்கரை மட்டும் கொண்டுவந்து கொடுத்தான். அந்தச் சர்க்கரையைக் கமலாசனியால் வாயில் வைக்க முடியவில்லை. அன்றைக்கு அவள் புருஷனோடு பிடித்த சண்டை போல் அதற்கு முன்னும் பிடிக்கவில்லை, பின்னும் பிடிக்கவில்லை. அவர் கடைசிவரை ஒரே பதில்தான் சொன்னார். இன்றைக்கு இவனுக்கு இளகினால் நாளைக்கு எல்லாருக்கும் இளக வேண்டி வரும்.

இப்போது அந்த யஹ்யாவும் பந்தலில் வந்து, ஒரு ஓரத்துக் கதிரையில் தொப்பியைச் சரிசெய்தபடி இருந்தான். நாளைய தண்ணீர் அவனுடையது.

வெயில் ஏறிக்கொண்டு வந்தது. கமலாசனிக்குப் பொறுக்கவில்லை. வெற்றிலைத் தட்டு எடுக்க உள்ளே வந்த வீரகத்தியிடம், வேறு ஆரையாவது விட்டு மடையைத் திறப்பிக்கலாமோ என்று மெல்லக் கேட்டாள். அவன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். சவம் வீட்டில் கிடக்க அந்த வீட்டு வயலில் மண் வெட்டுவதா என்றான். அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஆனாலும் அவன் நல்ல பிள்ளை. போய்க் கமிட்டித் தலைவர் கனகலிங்கத்திடம் கேட்டிருக்கிறான். அவர் எழும்பி வந்து அறை வாசலில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"தங்கச்சி, நீ ஒண்டுக்கும் யோசியாதை. நாங்கள் எல்லாரும் கதைச்சு முடிவெடுத்திட்டம். இண்டைக்கு இந்த வாய்க்காலிலை ஒருத்தரும் ஒரு சொட்டுத் தண்ணி எடுக்கிறேல்லை. எல்லா மடையும் கட்டியாச்சு. இண்டைக்கு முழுக்க அவற்ற பேர் பலகையிலை நிக்கும், அவற்ற தண்ணி அவற்ற பேரிலையே ஓடும். அதுதான் நாங்கள் அந்த மனுசனுக்குச் செய்யிற மரியாதை."

"ஓடி எங்கை அண்ணை போகும்?" என்று கமலாசனி கேட்டாள்.

கனகலிங்கம் அதை எதிர்பார்க்கவில்லை. கடைவயலைத் தாண்டிக் காட்டுக்குள்தான் என்றார். பிறகு, ஆனை குடிக்கும், புண்ணியம்தானே என்று சேர்த்துக்கொண்டார்.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. கனகலிங்கத்தின் வரம்பில் எந்தக் காலமும் ஒரு ஓட்டை இருக்கும். மற்றவர்களின் முறை நாளில் அதனால் தண்ணீர் கசிந்து அவர் வயலுக்குள் போய்க்கொண்டே இருக்கும். கேட்டால் நண்டு கிண்டிவிட்டது என்பார். இன்றைக்கு அந்த நண்டுகளும் துக்கம் கொண்டாடுகின்றன போலும். வாழ்ந்த காலம் முழுக்க இந்த மனிதரின் சட்டத்தைச் சுற்றிப் பூந்து போனவர்கள், செத்த அன்றைக்கு அதைத் தலையில் வைத்துக் கும்பிடுகிறார்கள். அந்தக் கும்பிடில் காயப்போவது அவருடைய வயல்தான் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாமல் இல்லை, மரியாதை என்று வந்த பிறகு அதைப் பார்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

ஆரையாவது விட்டு மடையை மட்டும் திறக்கலாமே என்று நேசமலர் தனக்குத் தெரிந்த நியாயத்தைச் சொல்லிப் பார்த்தாள். கனகலிங்கம் தலையை ஆட்டினார்.

"அவர் வைச்ச சட்டத்தை அவற்ற செத்தவீட்டிலையே முறிக்கிறதோ? வருத்தக்காரன், நேற்றும் எழும்பி வந்து தன்ர கையாலை பேரைத் தள்ளிப்போட்டுப் போனவரெல்லே. அப்பிடி ஒரு மனுசன்."

பந்தலில் ஓம் ஓம் என்றார்கள். யஹ்யாவும் தலையைக் குனிந்தபடி ஓம் என்றான்.

கமலாசனி சுவரில் தலையைச் சாய்த்தாள். நேற்று நடந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

படுக்கையில் விழுந்த பிறகும் மயில்வாகனம் தன் முறைக்குத் தானேதான் போனார். சைக்கிளின் பின் கரியரில் அவரை இருத்தி, ஒரு கையால் முதுகைத் தாங்கி, மறு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவள் போவாள். ஊர் பார்த்து ஆ என்று வாயைப் பிளக்கும். நேற்றும் அப்படித்தான். காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. வேண்டாம், இந்த ஒரு முறை கமிட்டியில் சொல்லி விடுவோம் என்று கெஞ்சினாள். கேட்கவில்லை. சோளகம் முகத்தில் அடிக்க, பலகையடிக்குப் போய்ச் சேர்ந்து, துண்டைக் காடியில் வைத்தார். பாதி போயிற்று. அதற்கு மேல் போகவில்லை. குத்தினார், கை நழுவிற்று. மறுபடி குத்தினார். மூச்சு வாங்கிச் சட்டத்தில் தலையை முட்டிக்கொண்டு நின்றார். அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அவர் கைக்கு மேல் தன் கையை வைத்து, கீழ் விளிம்பைத் தூக்கிக் குத்தித் தள்ளினாள். பெயர் உள்ளே போயிற்று.

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, ஏசவும் இல்லை. வாய்க்காலின் மேல்பக்கமும் கீழ்பக்கமும் ஒருமுறை பார்த்தார்.

"ஒருத்தரும் காணேல்லைத்தானே?" என்றார்.

"ஒருத்தரும் இல்லை," என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவர் அவளோடு ஒழுங்காக ஒன்றும் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தார், தண்ணீர் கேட்டார், குடிக்காமல் கண்ணை மூடினார். கொண்டுபோகாமல் விட்டிருந்தால் இன்னும் இரண்டு நாள் இருந்திருப்பாரோ என்று காலையிலிருந்து ஒரு கேள்வி அவளுக்குள் கிடந்து உருண்டது. அதை எடுத்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அவருக்காக இரங்கினாள். அவர் மேல் கோபமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால் ஒன்றுக்கும் அழ முடியவில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது பறைச் சத்தம் எழும்பியது. குளிப்பாட்டி, வேட்டி உடுத்தி, நீறு பூசி அவரைப் பந்தலில் கிடத்தினார்கள். வாய்க்கரிசி போட அவளை அழைத்து வந்தார்கள். அந்த அரிசி அவள் போன மாசியில் தன் கையால் தூற்றின நெல்லில் குத்தினது. மூடின வாயின் மேல் அதை வைத்தாள். முகம் கொஞ்சம் மெலிந்திருந்ததே தவிர வேறு மாற்றம் இல்லை. எதையோ ஒத்துக்கொள்ள மாட்டேன் என்பது போலத்தான் இருந்தது.

பெண்கள் ஒழுங்கை திரும்புகிற முடக்குவரைதான் போகலாம். அங்கே நின்று பார்த்தால் வாய்க்கால் கட்டும் மதகும் பலகையும் தெரியும். கனகலிங்கம் சொல்லியிருக்க வேண்டும், பலகைக்கு முன்னால் பாடையை ஒருமுறை நிறுத்தினார்கள். பச்சைப் பலகையில் அவருடைய பெயர் வெயிலில் வெளிறித் தெரிந்தது. அதற்குக் கீழே வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாடை நகர்ந்தது. யஹ்யா மட்டும் பலகையடியில் நின்று, பாடை காட்டு ஓரத்துச் சுடலைப் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

பெண்கள் திரும்பினார்கள். வீடு கழுவ வேண்டும், கிணற்றடியில் முழுக வேண்டும். நேசமலர் வந்து கமலாசனியின் கையைப் பிடித்தாள்.

"நீ போ பிள்ளை," என்றாள் கமலாசனி. "நான் வாய்க்காலிலை முழுகிப்போட்டு வாறன்."

நேசமலர் அவள் முகத்தைப் பார்த்தாள். பிடித்த கையை விட்டுவிட்டுப் போனாள்.

மண்வெட்டி சுடலைக்குப் போய்விட்டது. கமலாசனி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, மடையில் அடைத்திருந்த மண்ணைக் கையால் பிடுங்கத் தொடங்கினாள். காய்ந்து இறுகின மண். நகக்கண்ணில் ஏறி வலித்தது. செத்தவீட்டுத் தீட்டோடு, துடக்கோடு வயல் மண்ணைத் தொடுகிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. கடவுளே, பிறகு கேள் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுப் பிடுங்கினாள். ஒரு கட்டி பெயர்ந்தது. அந்த வழியால் தண்ணீர் தானே மிச்சத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தது.

அப்படி ஒரு நீர்வரத்தை அவள் அந்த வயலில் கண்டதில்லை. மேலே இருக்கிற எல்லா மடையும் இன்றைக்கு உண்மையாகவே கட்டியிருந்தது. ஒரு நண்டும் ஒரு ஓட்டையும் கிண்டவில்லை. வழக்கமாகப் பாதி வழியில் களவு போகிற தண்ணீரெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து விழுந்தது. அவர் உயிரோடு இருந்து, பெயரைப் போட்டு, வரம்பில் நின்று காவல் காத்த நாளிலும் இப்படி வரவில்லை. வெடித்துக் கிடந்த நிலம் சளசளவென்று குடித்தது. மேல் வயல் நிரம்பிக் கீழ் வயலுக்கு வழிந்தது. பயிரின் அடியில் தண்ணீர் மினுங்கியது.

காட்டுக்கு மேலே புகை எழும்புவது தெரிந்தது. கமலாசனி வரம்பில் குந்தினாள். காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு புகையையும் வயலையும் மாறி மாறிப் பார்த்தாள். இனி இரவில் எழும்பி முதுகு நீவிவிட வேண்டியதில்லை. கஞ்சிக்குச் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. சைக்கிள் தள்ள வேண்டியதில்லை. ஒவ்வொன்றாக நினைக்க நினைக்க உடம்பு கனத்தது. எப்போது கண் மூடியது என்று தெரியவில்லை. குந்தின குந்திலேயே நித்திரையாகிவிட்டாள்.

யாரோ செருமின சத்தத்தில் விழித்தாள். பொழுது மரங்களுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. வாய்க்கால் கரையில் யஹ்யா நின்றான். சுடலைக்குப் போகாமல் வீட்டுக்குப் போய்க் குளித்து வந்திருக்கிறான். கையில் அவனுடைய பெயர்ப்பலகை. வயல் முழுக்க நிற்கிற தண்ணீரை அவன் பார்த்தான்.

அவள் எழும்பி மடையை மண்ணால் அடைத்தாள். அவன் உதவிக்கு இறங்கவில்லை. இறங்கக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும். கையைக் கழுவிக்கொண்டு, தலையோடு தண்ணீரில் மூன்று தரம் முழுகி, ஈரச் சேலையோடு கரை ஏறினாள். இரண்டு பேரும் பலகையடிக்கு வந்தார்கள்.

பொழுது படுகிறது. இன்றைய பெயரை எடுத்தால்தான் நாளைய பெயரைப் போடலாம். போடாவிட்டால் யஹ்யாவுக்கு நாளைக்கு மடை இல்லை. அவன் வயலும் குடலைதான்.

"கனகலிங்கத்தார் ஆக்கள் வந்தவுடனை கேட்டு எடுப்பம் எண்டால் நாளைக்குத்தான் முடிவு சொல்லுவினம்," என்றான் யஹ்யா. "அதுதான் வந்தனான். நான் தொட மாட்டன் அக்கா."

"நானும் தொடக் கூடாதுதான்," என்றாள். பிறகு, சொல்ல வேண்டும் என்று நினையாமலே சொன்னாள். "அவர் தன்ர கையாலை வைச்சது."

யஹ்யா சாரன் தலைப்பால் தன் பலகையின் முகத்தைத் துடைத்தான். துடைக்க அதில் தூசி ஒன்றும் இல்லை.

"நேற்றுப் பொழுதுபட நான் அந்த நாவலடியிலைதான் மாடு அவிட்டுக்கொண்டு நிண்டனான், அக்கா."

நாவல் மரம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் நின்றது. அதற்கும் பலகைக்கும் நடுவில் மறைப்பு ஒன்றும் இல்லை. கமலாசனி மரத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். பந்தலில் தலையைக் குனிந்துகொண்டு அவன் சொன்ன ஓம் அவளுக்கு நினைவு வந்தது. அரைவாசி பதராய்ப் போன அவனுடைய வயலும் நினைவு வந்தது.

"ஏன் தம்பி சொல்லேல்லை?"

"சொல்லி என்ன," என்றான் அவன்.

அவள் பலகைக்குக் கிட்டப் போனாள். ஒரு கையால் கீழ் விளிம்பைத் தூக்கி, மறு கையின் அடியால் குத்தினாள். அசையவில்லை. மறுபடி குத்தினாள். பெயர் கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டத்தைவிட்டு வெளியே வந்தது. நெருக்குப்பட்டுக் கிடந்த ‘வாகனம்’ முதலில், அதன் பின்னால் விரிந்த ‘மயில்’. நேற்று அவள் கைக்குக் கீழே கிடந்த கையின் சூடு உள்ளங்கையில் வந்து போயிற்று. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் விலகி நின்றாள். சுடலைக்குப் போன ஆண்கள் தூரத்தில் கதைத்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. இன்னும் முடக்குத் திரும்பவில்லை.

யஹ்யா தன் பெயரைக் காடியில் வைக்கவில்லை. இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான்.

"நீங்களே போட்டுவிடுங்கோ அக்கா."

"துடக்குக் கை, தம்பி."

அவன் நீட்டின கையை எடுக்கவில்லை.

அவள் வாங்கினாள். வாய்க்காலின் மேல்பக்கம் பார்த்தாள், கீழ்பக்கம் பார்த்தாள். பிறகு அதைக் காடியில் வைத்து, கீழ் விளிம்பைத் தூக்கி, கையின் அடியால் ஒரு குத்துக் குத்தினாள். குட்டிப் பெயர், ஒரே தள்ளில் போய் நடுவில் நின்றது.